குண்டூசி

பேச்சியம்மாளுக்குப் பத்து நிமிடத்துக்கு முன் நடந்தது எதுவும் நினைவில் நிற்காது. முப்பது வருடங்களுக்கு முன், மூளை ஆராய்ச்சியாளர் டாக்டர் வத்சலா மல்லிகைச் சரத்துக்குள் ஒரு குண்டூசியை ஒளித்து அவளிடம் கொடுத்தார். விரலில் ரத்தம் துளிர்த்தது. மறுநாள் வத்சலாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவர் நீட்டிய பூவை வாங்க மறுத்துவிட்டாள். அதைப் பற்றி வத்சலா எழுதிய கட்டுரையைக் குறிப்பிடாத நரம்பியல் பாடப்புத்தகம் இன்று இல்லை.

ஓய்வுபெற்ற மறுநாள் வத்சலா மல்லிகையோடு பேச்சியம்மாளைப் பார்க்கப் போனார். பஸ்ஸிலேயே ஒவ்வொரு பூவாக அழுத்திப் பார்த்திருந்தார்.

“நல்ல வாசம். நீங்க யாரும்மா?”

“வாங்கிக்கோங்கம்மா. இதுல ஊசி இல்ல.”

“பூவுல போயி யாராவது ஊசி வைப்பாங்களா?” என்று சிரித்தாள் பேச்சியம்மாள். அவளுடைய இரண்டு கைகளும் முந்தானைக்குள்ளேயே இருந்தன.