வெறும் வயிற்றில் ஒரு பொய்

வாரத்தில் ஆறு நாள் காலையில் சந்திரா ஒரு பொய் சொன்னாள். அதுவும் வெறும் வயிற்றில்.

ஆறு மணிக்கு ஒரு பெப்பர்மிண்டை வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

"மாத்திரை போட்டாச்சுங்க. இனிமே அரை மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, குனியக் கூடாது."

"மாத்திரை கமகமன்னு வாசம் அடிக்குதே?" என்பார் புருஷன் அரசப்பன்.

"ஒசத்தி மாத்திரை, அப்படித்தான் இருக்கும். வாசலைக் கூட்டுங்க."

"கோலமும் நான்தான் போடணுமா?"

"பின்னே? என்னை எலும்பு ஒடைஞ்சு விழச் சொல்றீங்களா?"

அரசப்பன் போட்ட கோலத்தை மிதிக்கத் தெருக்கோழிகளே யோசித்தன.

எல்லாம் போன மாசம் ஆரம்பித்தது. வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட சந்திராவுக்குக் கட்டுப் பிரித்த கையோடு டாக்டர் எழில்மதி எலும்பையும் பரிசோதித்துப் பார்த்தார்.

"எலும்புக்குள்ள ரெண்டு கோஷ்டி செல்லுங்க இருக்கும்மா. ஒரு கோஷ்டி பழசை இடிக்கும். இன்னொரு கோஷ்டி அதே இடத்துல புதுசா கட்டும். சாகுற வரைக்கும் இந்த வேலை நடந்துகிட்டே இருக்கும். உங்களுக்கு இடிக்கிறது வேகமாயிடுச்சு, கட்டுற கோஷ்டியால ஈடு குடுக்க முடியல. இந்த மாத்திரை இடிக்கிறவங்களை அடக்கி வைக்கும்."

அரசப்பனுக்குச் சுருக்கென்றது. காரைக்காலில் பழைய வீடுகளை இடித்துக் கொடுப்பதுதான் முப்பது வருஷமாக அவருக்குத் தொழில்.

"எங்க போனாலும் இடிக்கிறவனைத்தான் குத்தம் சொல்றீங்க. பழசை இடிக்காம புதுசை எங்கம்மா கட்டுவீங்க?"

"நியாயம்தாங்க. அதனாலதான் அடியோட நிறுத்தல, நிதானமா இடிக்கச் சொல்றோம். அப்புறம், பீடி வாசம் அடிக்குதே, நீங்களா? அந்தப் புகை கட்டுறவங்களுக்கு ஆகாது. உங்களுக்கும் ஆகாது, பக்கத்துல இருக்கிற அம்மாவுக்கும் ஆகாது."

அரசப்பன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன பிறகுதான் டாக்டர், "மாத்திரை வாரத்துக்கு ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை காலையில போடுங்க," என்றார்.

முதல் ஞாயிறு நிஜ மாத்திரை. அன்றைக்கு அரசப்பன் வீட்டைக் கூட்டி, காபி போட்டு, அரை மணி முடிந்ததும் கையில் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒரு காபியை அவள் குடித்ததே இல்லை. கண்ணே கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை கை தானாக அலமாரிக்குப் போனது. பீடி நாத்தத்தை மறைக்க அரசப்பன் வாங்கி வைத்திருந்த பெப்பர்மிண்ட் டப்பா அங்கேதான் இருந்தது.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. காபி வந்ததும் அது போய்விடும்.

ஒன்றுதான் அவளுக்கு எரிச்சல். எத்தனை எடுத்தாலும் டப்பா குறையவில்லை.

"டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் பீடியைக் கூட்டிட்டீங்களா? டப்பா டப்பாவா பெப்பர்மிண்ட் வாங்குறீங்களே, வெக்கமா இல்ல?"

அரசப்பன் குனிந்து பாத்திரம் தேய்த்தார்.

மாசம் முடிந்து மறுபடி டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது. "நானே போயிட்டு வர்றேன்" என்று சந்திரா கெஞ்சியும் கேட்காமல் அரசப்பனும் கிளம்பினார். தங்கள் ஊரான நெரவியில் பஸ் ஏறும்போதே, இன்றோடு தன் காபிக்குச் சமாதி என்று நினைத்தாள்.

"மாத்திரை எப்படிப் போடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

சந்திரா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள்.

"போன் வருது," என்று அரசப்பன் எழுந்து வெளியே போனார்.

போன் அடித்த மாதிரியே தெரியவில்லை. அதைப் பற்றி யாருக்கு என்ன? காரைக்கால் அம்மையாருக்கு ஒரு மாம்பழம் நேர்ந்துகொண்டு, "வாரம் ஒண்ணுங்க, ஞாயித்துக்கிழமை தவறாம," என்று மளமளவென்று ஒப்பித்தாள்.

ஆனால் சீட்டை வாங்கிக்கொண்டு அரசப்பன் மருந்துக் கடைப் பக்கம் நடந்ததும் மறுபடி பகீரென்றது. கடைக்காரர் உளறிவிட்டால்? செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினாள்.

அதற்குள் கடைக்கார சஃபியுல்லா அரசப்பனைப் பார்த்துவிட்டார். அரசப்பன் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற சந்திராவைப் பார்க்கவில்லை.

"வாங்கண்ணே! வாரம் ஒண்ணு போட நாலு மாத்திரை, மத்த நாளைக்கு அண்ணி போட ஒரு டப்பா பெப்பர்மிண்ட், அதானே? நீங்கதான் பீடியை விட்டு ஒரு மாசமாச்சே, உங்களுக்கு எதுக்கு அது!"