விரல் நீளம்

சீப்பில் சிக்கும் முடியை என் மனைவி சுபாஷிணி குப்பையில் போடமாட்டாள். விரல் நீளத்துக்கு நறுக்கி, ஜன்னல் கம்பியில் செருகி வைப்பாள். எங்கள் துணிக்கொடியில் கூடு கட்டும் தேன்சிட்டு வந்து எடுத்துப்போகும்.

"சிட்டுக்கு சவுரி வைக்கிறியா?" என்று கேலி செய்வேன்.

"சிரிக்காத. நீளமா குடுத்தா குஞ்சு கால்ல சுத்திக்கும். அப்புறம் காலே போயிடும்," என்பாள்.

அவள் இறந்தபின் இன்றுதான் சிட்டு ஜன்னலுக்கு வந்தது. கொடியில் பாதிக் கூடு தொங்கியது. சிட்டு ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து, தேடிவிட்டுப் போனது. மறுபடி வந்தது.

அலமாரியிலிருந்து அவளுடைய சீப்பை எடுத்தேன். அவள் கடைசியாக வாரிய முடி அதில் நீளமாகச் சுருண்டிருந்தது. நான் கத்தரிக்கோலைத் தேடுவதை அம்மா பார்த்துவிட்டாள்.

"துணிமணியெல்லாம் குடுத்தாச்சு. அவளோடதுன்னு இது ஒண்ணுதான்டா இருக்கு. இதையும் வெட்டணுமா?"

"நீளமா குடுக்கக்கூடாதும்மா."

அம்மா அடுப்படிக்குப் போனாள்.

சீப்பிலிருந்து ஒரு முடியை உருவினேன். அளப்பதற்காக விரலோடு சேர்த்துப் பிடித்தேன். அது விரலைச் சுற்றிக்கொண்டது. இன்னொரு கையில் கத்தரிக்கோல் இருந்தது. சிட்டு கம்பியை விட்டுப் போகவில்லை.