பின்னிய படிக்கட்டு

ரத்னாபாய் பாதிப் படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். மேலே கதவு திறக்கிற சத்தமே இல்லை.

மகள் ரெனி ஏன் இன்னும் இறங்கவில்லை?

கீழே போதகர் வேதப் புத்தகத்தை விரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று. நிச்சயத்துக்குப் பெண் வந்தால் போதும்.

மண்டபம் கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. இத்தாலியில் ஏதோ பிரபு குடும்பம் கோடைக்கு இருக்கக் கட்டிய மாளிகையைப் பார்த்து அப்படியே எழுப்பியதாம். நடுவில் கும்மட்டம். நாலு பக்கமும் ஒரே மாதிரித் தூண், ஒரே மாதிரி வாசல். பந்தி எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாதிச் சனம் சுற்றிச் சுற்றி வந்தது.

சாலைக் கடைத்தெருவில் பைப்பும் ஆணியும் விற்கிற அவள் கணவர் சத்தியநேசனுக்கு, வாடகைக்குப் பிடித்த இந்த மண்டபத்தின் படிக்கட்டில்தான் பெருமை. ஒரே தூணைச் சுற்றி இரண்டு படிகள் பின்னிக்கொண்டு ஏறும். ஒன்று விருந்தாளிகளுக்கு, கூடத்தில் முடியும். மற்றது வேலைக்காரர்களுக்கு, சமையல்கட்டு வாசலில் முடியும். நடுவே சுவர் இருப்பதால் ஒன்றில் போகிறவரை மற்றதில் போகிறவர் பார்க்கவே முடியாது. வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார்.

மகள் சொன்னதைக் கேட்கத்தான் அவருக்கு நேரமில்லை. நிச்சயத்துக்கு முன்னாலேயே தன் போனைப் பிடுங்கி, ஒவ்வொரு நம்பராக யார் யார் என்று கேட்ட மாப்பிள்ளை வேண்டாம் என்று ரெனி அழுதாள். கல்யாணமானால் எல்லாம் சரியாகும் என்றார். ரத்னாபாய் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. விறுவிறுவென்று இறங்கியது.

ரத்னாபாய் சுவரோடு காதை ஒட்டினாள்.

அதே நேரம் சத்தியநேசன் கீழிருந்து தலையை நீட்டினார். "மோள் எவிடே? அந்தப் படி வழியா எறங்கிட்டாளா? நான் அங்க போய்ப் பாக்கவா?"

"அங்க எதுக்கு? மேலதான் இருக்கா, ஒரே அழுகை. நீங்க வந்து ரெண்டு வாக்கு சொல்லுங்க."

அவர் முனகிக்கொண்டே ஏறி வந்தார். ரத்னாபாய் முட்டி வலிக்கிறது என்று சொல்லி, வழியை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக அவருக்கு முன்னால் ஏறினாள். முந்திப் போக அவருக்கு இடமில்லை.

சமையல்கட்டுப் பக்கம் ஓர் ஆட்டோ கிளம்பிப் போனது.

காலையிலேயே ரத்னாபாய் சொல்லிவைத்திருந்த ஆட்டோ.