காரணங்கள் ஒன்றரைப் பக்கம்

திருகோணமலை உட்துறைமுகத்துக்கு எதிரே, பெற்றோல் செட்டின் மதிலோரம் மண்ணெண்ணெய்க் கான்கள் வெளிறிப்போய் நிற்கின்றன. ஆள் அகன்றாலும் வரிசையில் இடம் போகாதபடி எல்லாவற்றையும் ஒரே வலைக்கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். எண்ணெய் வருமென்று எவரும் சொல்லவில்லை, வராதென்றும் சொல்லவில்லை. கவிழ்த்த மீன்பெட்டியில் அமர்ந்து வரலாற்று ஆசிரியை ரபீக்கா விடைத்தாள் திருத்துகிறாள். பிரெஞ்சுப் புரட்சியையும் ரஷ்யப் புரட்சியையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி. ஒரு பிள்ளை பாண் ரொட்டியின் விலை, வரி, பசி என்று காரணங்களை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறது. விளைவுகளுக்கு ஒரே வரிதான்: "மன்னர் போனார்." ரபீக்கா சிவப்புப் பேனையால் 'போதாது' என்று எழுதும்போது வரிசையின் முன்னால் ஆரவாரம் எழுகிறது. கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்துவிட்டதாம். எல்லோரும் ஒரு போனைச் சுற்றிக் குவிகிறார்கள். மாளிகையின் நீச்சல் தடாகத்தில் குதிப்பவர்களைப் பார்த்து, எண்ணெய் இல்லாமல் பதினொரு நாளாகக் கடலுக்குப் போகாத சாமித்தம்பியும் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரித்தபடியே வந்து விடைத்தாளை எட்டிப் பார்க்கிறார்.

"டீச்சர், ராசா போன பிறகு பிரான்சில பாண் மலிஞ்சதோ?"

"இல்ல அண்ணன். இன்னும் விலை ஏறினது."

"ரஷ்யாவில?"

"அங்க பஞ்சம் வந்தது."

போனில் தண்ணீர் தெறிக்கும் சத்தம் இன்னும் கேட்கிறது. சாமித்தம்பி வெயிலில் குந்தி, தன் கானின் முடிச்சுக்கு மேல் இன்னும் இரண்டு சுற்றுப் போட்டு இறுக்குகிறார்.