டிஸ்க் மேல் போட்ட பழி

"டிஸ்க் தானாவே போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும்."

ரிப்பேர் கடை கவுன்டர் மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார் ஆடிட்டர். கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரப் பெண் அவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் திறந்தபடியே கேட்டாள். "நிஜமா என்ன ஆச்சு சார்?"

"என் மனைவியோட கம்ப்யூட்டர். ஆன் பண்ணிட்டு, குளிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கும். வேகமா ஓடுற புது டிஸ்க், எஸ்.எஸ்.டி. வாங்கினேன். பழைய டிஸ்க்ல இருக்கிற சிஸ்டத்தை அப்படியே அதுக்கு மாத்திட்டா பறக்கும்னு வீடியோவுல பார்த்தேன். கடையில குடுத்துடலாங்கன்னுதான் அவ சொன்னா..."

"நீங்களே பண்ணிட்டீங்க."

"பண்ணிட்டேன். எதிலிருந்து எதுக்கு மாத்தணும்னு திரையில கேட்டுச்சு. நான்..."

"தலைகீழா குடுத்துட்டீங்களா?"

ஆடிட்டர் ஆமென்று தலையாட்டினார். ஊரார் கணக்கில் உள்ள தப்பையெல்லாம் கண்டுபிடிப்பதே தொழிலாக உள்ளவர். புது டிஸ்கின் வெறுமையை அப்படியே எடுத்துப் பழையதன் மேல் ஏற்றி உட்கார வைத்திருந்தார்.

"சிஸ்டம் போனா போகுது, புதுசா போட்டுக்கலாம். உள்ள என்ன சார் இருந்துச்சு?"

"அவளோட பாடங்க."

மனைவி, காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் டீச்சர். கணக்கு, கதை என்று எல்லாவற்றையும் சைகையில் தானே நடித்து, தானே வெட்டி ஒட்டி, வருடக்கணக்காகச் சேர்த்த வீடியோக்கள்.

"மீட்டுப் பார்க்கறேன். முழுசா வரும்னு சொல்ல முடியாது."

"வந்தாலும் வராட்டியும், நான் சொன்னது..."

"சரி சார். டிஸ்க் பழசு, அதனாலதான் போச்சுன்னு சொல்லிடறேன்."

ஆடிட்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்து, வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் பில்லில் என்னவெல்லாம் செய்வாளோ என்று ஒரு சந்தேகமும் கூடவே எழுந்தது.

மறுநாள் சாயங்காலம் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள்.

"முக்கால்வாசி கிடைச்சிருச்சு டீச்சர். கணக்கு முழுசா இருக்கு. கதைங்கதான் நிறைய போயிடுச்சு."

டீச்சர் கவுன்டர் கண்ணாடி மேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே நின்றார்.

"பசங்களுக்குக் கதைன்னாதான் உயிர்..." என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார். "பரவாயில்ல. மறுபடி நடிச்சாப் போச்சு. ஆமா, எப்படிங்க இப்படி ஆச்சு?"

ஆடிட்டர் சுவரில் தொங்கிய கீபோர்டுகளைத் தீவிரமாக ஆராய ஆரம்பித்தார்.

"பழைய டிஸ்க் டீச்சர். அதோட ஆயுசு அவ்வளவுதான். அன்னிக்கு யார் கை வச்சிருந்தாலும் போயிருக்கும்."

ஆடிட்டருக்கு மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்தது.

"கேட்டுக்கோ! ஒரு காப்பி எடுத்து வை, எடுத்து வைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். என் பேச்சை யாரு கேக்கறா? ஏதோ நான் பக்கத்துல இருந்தேன், உடனே தூக்கிட்டு ஓடி வந்தேன். இல்லாட்டி இதுவும் கிடைச்சிருக்காது."

கடைக்காரப் பெண்ணின் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் அப்படியே நின்றது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "ஆமாங்க, என் தப்புதான். நீங்க போய் வண்டியை எடுத்துட்டு வாங்க. இது கனமா இருக்கு."

ஆடிட்டர் வெளியே போனார். வந்தபோது இருந்ததைவிட அரை அடி உயர்ந்த மாதிரி இருந்தது நடை.

கடைக்காரப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லியே ஆகணும். சார் நேத்து இங்க வந்து..."

"வேண்டாங்க." டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து காலையில அவர் வீட்டை விட்டுக் கிளம்பினதும் உங்களுக்கு போன் பண்ணி நான் என்ன கேட்டுக்கிட்டேனோ, அதை அட்சரம் பிசகாம சொல்லிட்டீங்க. அதுவே பெரிய உபகாரம்."

"அதில்ல டீச்சர்..."

"ஐயோ, மாத்திக் குடுத்துட்டேனேன்னு அவர் தலையில அடிச்சுக்கிட்டப்ப நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன். அப்ப இருந்து சரியா சாப்பிடலை, என் முகத்தைப் பார்க்கலை. டிஸ்க் ஏதோ படுத்துதுன்னு சொல்ல வந்து, அதுக்குள்ள நாலு தடவை தண்ணி குடிச்சாரு."

வெளியே வண்டியின் ஹாரன் சத்தம் கேட்டது. டீச்சர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, சிரித்தபடியே சொன்னார்:

"பாவம், அவருக்குப் பொய் கூடச் சரியா சொல்ல வராதுங்க, இப்பவும் பாத்தீங்கல்ல? அதான் உங்களைச் சொல்லச் சொன்னேன்."