கேமராவுக்குத் தெரிந்த குருவி

காட்டை வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு நீலவால் குருவி தென்பட்டாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. அதைக் கண்டுபிடிக்க மரத்தில் ஒரு கேமராவைக் கட்டியிருந்தார்கள்.

இணை செத்தபின் அந்த இனத்தில் மிஞ்சியிருந்த ஒற்றைக் குருவி பதறியடித்துக்கொண்டு அதன் முன்னால் வந்து உட்கார்ந்தது. "அண்ணே, நான்தான் அது. நல்லாப் பாருங்க!"

கேமரா நிதானமாகப் பார்த்தது. "நீ இல்லம்மா. அருங்காட்சியகத்து இழுப்பறையில பாடம் பண்ணி வச்சிருக்கிற குருவிங்களோட படங்களைக் காட்டித்தான் என்னைப் பழக்கினாங்க. அது மல்லாந்து கிடக்கும். இப்படிக் கத்தாது."

குருவி பாடிக் காட்டியது, பறந்து காட்டியது, வாலை விரித்துக் காட்டியது. கேமரா மசியவில்லை. குருவி எதிர்மரத்துக் கூட்டுக்குத் திரும்பி, முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

கூடிருந்த மரம் வெட்டுப்பட்டுச் சாய்ந்தது. குருவி புல்லில் மல்லாந்து விழுந்தது. அதன் குரல் அடங்கியது.

"நிறுத்துங்க!" என்று கேமரா கத்தியது. "குருவி கிடைச்சிடுச்சு!"