பெயர் வாசித்த காலை

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்.

படைப்பிரிவின் வரலாற்றை எழுதும் ஞானப்பிரகாசம் வாத்தியார். அன்று பெயர் வாசித்த ஹவில்தார் சடையப்பன். அதே வரிசையில் நின்ற குப்பண்ணன். தனக்கோடியின் மனைவி பூங்காவனம்.

ஐந்தாவது அவர். தனக்கோடியின் அண்ணன். அவரும் அன்று அந்த வரிசையில் நின்றவர்தான்.

மற்ற நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போட்டும் அவர் உட்காரவில்லை.

"வாசிங்க," என்றார்.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். இம்பாலிலிருந்து பின்வாங்கியது. மழை. பர்மாவில் சிண்ட்வின் ஆறு. மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போய், அந்தக் கம்பெனியில் நின்றவர்கள் நூற்றிருபது பேர். ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள் அறுபத்து நான்கு.

பிறகு பெயர்கள்.

தனக்கோடி, ஏழாங்கட்டைத் தோட்டம். காலையில் ஆஜர். அக்கரையில் இல்லை. ஓடிப்போனவர்.

"அந்தச் சொல்ல எடுங்க," என்றார் அண்ணன்.



மேசைமேல் சடையப்பனின் நோட்டு இருந்தது. பத்தொன்பது வருடமாக பிஸ்கட் டின்னில் வைத்துக் காத்த நோட்டு. ஈரம் பட்டு எழுத்தெல்லாம் ஊதாவாகக் கலங்கியிருந்தது. தனக்கோடியின் பெயருக்கு எதிரே போட்ட குறி மட்டும் கலங்கவில்லை.

"பேரு கூப்பிட்டேன். ஆஜர்னு கொரல் வந்துச்சு. குறி போட்டேன்," என்றார் சடையப்பன். "இல்லேன்னா நான் பொய் எழுதினவனா? நீங்களே சொல்லுங்கண்ணே."



குப்பண்ணன் பீடியைக் காதிலிருந்து எடுத்தான். "ரங்கூன்ல சாயாக்கடை வெச்சிருக்கானாம். பர்மாக்காரியக் கட்டிக்கிட்டானாம். நம்மள மாதிரி திரும்பி வந்து ரப்பர்ப்பால் வாளி தூக்கலையே. புத்திசாலிப் பய."

இதே பேச்சைப் பேசிய இருவரை அவர் கைநீட்டி அடித்திருக்கிறார். சொந்த அக்காள் வீட்டுக் கல்யாணத்தில் பாதிப் பந்தியில் எழுந்து வந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதுகு காட்டியவன் கிடையாது என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று கை எழவில்லை.

பூங்காவனம் தலை குனிந்திருந்தாள். நெற்றியில் குங்குமம். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்று தோட்டமே சொன்ன இத்தனை வருடத்தில் ஒருநாளும் அவள் அதை அழித்ததில்லை.

ஓடிப்போனவன் திரும்பி வரலாம்.

வாத்தியார்தான் வழி கண்டார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம் ஐயா. காணாமல் போனவர்னு போட்டுடறேன். மானமும் போகாது. யாருக்கும் வருத்தமும் இல்ல."

தலையசைத்தால் போதும். அதற்காகத்தான் எட்டு மைல் பஸ்ஸில் வந்திருந்தார்.

வெளியே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள். மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். இருட்டில் கங்காணி பெயர் வாசிப்பார். காய்ச்சலில் கிடப்பவனுக்காக அவன் வீட்டான் பின்வரிசையிலிருந்து குரல் கொடுப்பான். அன்றைய கூலிக்குப் பெயர் விழுந்துவிடும். அன்று இரண்டு பேருடைய ரப்பர் மரங்களையும் ஒருவனே பால்வெட்டி முடிப்பான்.

அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. தம்பி அவருக்காகச் செய்திருக்கிறான். அவர் தம்பிக்காகச் செய்திருக்கிறார்.

ஆற்றங்கரையில் பெயர் வாசித்தபோதும் இருட்டு. மழையும் மூடுபனியும். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. நோயாளிகளை இங்கேயே விட்டுவிடப் போகிறார்கள் என்று வரிசையில் ஒரு பேச்சு ஓடியது. காதோடு காதாக வந்தது. அவரும் அடுத்தவன் காதில் சொன்னார்.

அந்தப் பேச்சுதான் பொய்.

நோயாளி என்று குறித்த பதினொரு பேரையும் தேடிப்போய், மாட்டுவண்டியில் ஏற்றி, முதல் படகிலேயே அக்கரை சேர்த்தார்கள். இரண்டாம் படகில் அவரைத் துப்பாக்கியோடு பிடித்துத் தள்ளினார்கள். திரும்பி வருகிறேன் என்று கரையைப் பார்த்துக் கத்தினார். மூன்றாம் படகு நடு ஆற்றில் இருக்கும்போது விமானம் வந்தது.

அதன்பிறகு அந்தக் கரைக்குப் படகே போகவில்லை.

"என்னங்க ஐயா," என்றார் வாத்தியார். பேனா காத்திருந்தது. "காணாமல் போனவர். போட்டுடலாமா?"

"போடுங்க, போடுங்க," என்றார் சடையப்பன். "அப்ப அந்த ஆஜர் யாருதுன்னு நாளைக்கு எவனாவது கேப்பான். நான் செத்தப்புறம் கேக்கட்டும்."

பூங்காவனம் தலை நிமிர்ந்தாள். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவரை நேராக நிமிர்ந்து பார்த்துப் பேசியவள் இல்லை.

"அன்னிக்குக் காலையில அவரு நல்லாத்தானே இருந்தாரு, மாமா? தெம்பா இருக்கப்போய்த்தானே கொரல் குடுத்தாரு?"

அவர் அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார்.

இரு கைகளும் தாமாகவே தொடையோடு ஒட்டிக்கொண்டன. முதுகு நிமிர்ந்தது. பெயர் கூப்பிட்டவன் முன் நிற்பதுபோல நின்றார்.

"எழுதிக்குங்க வாத்தியாரே. எந்தம்பி ஓடல. ரங்கூனுக்கும் போகல. பேரு வாசிக்கறப்ப அவன் வரிசையிலயே இல்ல. காய்ச்சல்ல நெனவு தப்பி மூங்கில் பொதருக்குள்ள கெடந்தான். ஆஜர் சொன்னது நானு."